ஸ்லோ, லேட், டிலே, லேக், லேட்டன்சி: பக் ரிப்போர்ட்டில் எதை எழுதுவது?

கேள்வி (செம்பூர்):
மும்பையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ் மீடியம். இப்போது பார்க்கும் ஆப்பில் பட்டனை அழுத்தி இரண்டு நொடி கழித்துத்தான் பக்கம் திறக்கிறது. வீடியோ காலில் குரல் முதலில் கேட்கிறது, உதடு அப்புறம்தான் அசைகிறது. பக் ரிப்போர்ட்டில் (ஆப்பில் கண்ட கோளாறுகளை எழுதிக் கொடுப்பது) இரண்டையும் ‘ஸ்லோ’ என்று எழுதினால் டெவலப்பர்கள் "எது ஸ்லோ?" என்று திருப்பி அனுப்புகிறார்கள். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போக வேண்டும். யாராவது விளக்குங்களேன்.

பதில் (முலுண்டு):
தம்பி, நம்ம லோக்கல் ட்ரெயினையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லோ லோக்கல் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும், ஆனால் டைம்டேபிள்படி வந்தால் அது லேட் இல்லை. ஃபாஸ்ட் லோக்கல் பல ஸ்டேஷன்களில் நிற்காமல் ஓடும், அதுவும் பத்து நிமிஷம் பிந்தினால் லேட்தான். ‘ஸ்லோ’வில் பார்ப்பது வேகம், ‘லேட்’டில் பார்ப்பது சொன்ன நேரம். மழைத் தண்ணீர் தேங்கி வண்டியை நடுவழியில் நிறுத்துகிறார்களே, அது டிலே. ஏதோ ஒன்று பிடித்து வைக்கிறது. அதனால்தான் ‘ட்ரெயின் இஸ் டிலேய்டு’ என்கிறோம். ‘டிலேயிங்’ என்றால் வண்டி வேறு எதையோ தாமதப்படுத்துகிறது என்றாகிவிடும். மீட்டிங்கை வேறு நாளைக்குத் தள்ளி வைப்பது போஸ்ட்போன், அதை இதில் சேர்க்காதீர்கள்.

பதில் (பவாய், நெட்வொர்க் வேலை):
அண்ணன் சொன்னது சரி. லேக் என்றால் ஒன்று இன்னொன்றுக்குப் பின்தங்குவது. எதற்குப் பின்னால் என்று சேர்த்து எழுதுங்கள்: ‘வீடியோ லேக்ஸ் பிஹைண்ட் தி ஆடியோ’. லேட்டன்சி என்பது கேட்டதற்கும் பதில் வரத் தொடங்குவதற்கும் நடுவில் போகும் நேரம், பெரும்பாலும் மில்லிசெகண்டில் அளப்பார்கள். பார்க்க ‘லேட்’டின் உறவு போலத் தெரிந்தாலும் இது ‘மறைந்திருத்தல்’ என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. பட்டன் விஷயத்தில் உடனே லேட்டன்சி என்று எழுத வேண்டாம். அந்த இரண்டு நொடி நெட்வொர்க்கில் போகிறதா, சர்வரிலா, போனிலேயேவா என்று இன்னும் தெரியாதே. ‘ரெஸ்பான்ஸ் டைம் 2 செகண்ட்ஸ்’ என்று எழுதி, எந்த போன், வைஃபையா மொபைல் டேட்டாவா என்பதையும் குறிப்பிடுங்கள். டெவலப்பருக்கு வேண்டியது அதுதான்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. இன்னொன்று: டவுன்லோட் உடனே தொடங்குகிறது, முடியத்தான் நேரமாகிறது. இதுவும் லேட்டன்சியா?

பதில் (பவாய்):
இல்லை, உடனே தொடங்குகிறதே. ‘டவுன்லோட் இஸ் ஸ்லோ’ என்றே எழுதலாம். கூடவே ஃபைல் எத்தனை எம்பி, எத்தனை நொடி ஆனது என்று போடுங்கள்.