கோல்ட்ரேன் 'இம்ப்ரெஷன்ஸ்': ஒலி அளவை எப்படிச் சரிசெய்வது?

வணக்கம் நண்பர்களே. ஜாஸ் சாக்சபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'இம்ப்ரெஷன்ஸ்' (1963) இசைத்தட்டை ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் மூலம் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும்.

தட்டின் இரண்டு பக்கமும் முதலில் நேரடிப் பதிவு, அப்புறம் ஸ்டூடியோ. 'இந்தியா', 'இம்ப்ரெஷன்ஸ்' இரண்டும் 1961 நவம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் வாசித்தவை. மற்றவை 1962, 63இல் ஸ்டூடியோவில் எடுத்தவை. 'இம்ப்ரெஷன்ஸ்' பாடலில் எல்வின் ஜோன்ஸ் கால் மணி நேரம் டிரம்ஸில் புரட்டி எடுத்து ஓய்ந்ததும், 'ஆஃப்டர் தி ரெயின்' மெல்ல வருகிறது. அதில் டிரம்ஸ் ராய் ஹேன்ஸ். எனக்கு ஆல்பத்திலேயே பிடித்த இடம் இந்த மாற்றம்தான்.

ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியாக நார்மலைஸ் செய்தால் (அதாவது உச்ச ஒலியை ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால்) அந்த மெல்லிய பாடலும் மற்றதுபோல உரக்கக் கேட்கிறது, அழகே போய்விடுகிறது. பக்கம் முழுவதற்கும் சேர்த்துச் செய்தாலோ, பேருந்தில் ஹெட்போனில் அது காதிலேயே விழுவதில்லை.

இப்படிக் கலவையான ஆல்பங்களுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கோப்பை அப்படியே விட்டுவிட்டு, பிளேயரில் மட்டும் ரீப்ளேகெயின் (ஒலிக்கும்போது அளவைச் சரிசெய்யும் வசதி) போட்டால் போதுமா? வேன்கார்ட் பதிவுகள் தனியாக 4 சிடி தொகுப்பாக 1997இல் வந்தன. வைத்திருப்பவர்கள், அதில் 'இந்தியா' எப்படி ஒலிக்கிறது என்றும் சொல்லுங்கள்.