பெண்கள் ஃபுட்பால முன்னாடி யாரும் பாக்கவே இல்லையா?

மிட்ஃபீல்ட்_பிரியன்:
2022 பெண்கள் யூரோ (ஐரோப்பிய நாடுகளோட கோப்பை) ஃபைனலுக்கு லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்துல 87,192 பேர் வந்தாங்க, ஆம்பளைங்க யூரோவையும் சேத்தே அதுதான் ரெக்கார்டாம். ஆனா என் ஃப்ரெண்ட், முன்னாடி யாருக்குமே இதுல இன்ட்ரெஸ்ட் இல்ல, இப்பதான் விளம்பரம் பண்ணி ஏத்தி விடறாங்கன்னு சொல்றான். நிஜமா?

பழைய_ஸ்கோர்போர்டு:
இல்லவே இல்ல. முதல் உலகப்போர் நேரத்துல பிரஸ்டன்ல ஃபேக்டரி பொண்ணுங்க டிக் கெர் லேடீஸ்னு ஒரு டீம் ஆரம்பிச்சாங்க. 1920 டிசம்பர் 26, லிவர்பூல் கூடிசன் பார்க்ல அவங்க மேட்சுக்கு 53,000 பேர், இடம் இல்லாம வெளிய நின்னவங்க தனி. வசூல் எல்லாம் அடிபட்ட சிப்பாய்ங்க மாதிரி ஆளுங்களுக்கு உதவியா போச்சு. அடுத்த வருஷமே, 1921 டிசம்பர் 5, இங்கிலாந்து ஃபுட்பால் அசோசியேஷன் இந்த ஆட்டம் பொம்பளைங்களுக்கு ஏத்ததில்லன்னு சொல்லி, எந்த கிளப்பும் அவங்களுக்கு கிரவுண்ட் தரக்கூடாதுன்னுட்டாங்க. கிரவுண்ட் இல்லன்னா கூட்டம் எங்க உக்காரும், டிக்கெட் காசு எங்கிருந்து வரும்? டிக் கெர் டீம்ல ஆடின லில்லி பார் மாதிரி ஒரு பிளேயர் தன்னோட ஆட்ட வாழ்க்கைல பெரும்பகுதிய இந்தத் தடைக்குள்ளதான் ஆடினாங்க, அத நினைச்சாலே கோவம் வருது எனக்கு. தடைய எடுக்க ஏறக்குறைய 50 வருஷம் ஆச்சு.

லெஃப்ட்விங்_ராணி:
இங்கிலாந்து மட்டும் இல்லங்க. பிரேசில்ல 1941லேர்ந்து 1979 வரைக்கும் தடை, மேற்கு ஜெர்மனில 1955 டூ 1970. ஆனா 1971ல மெக்சிகோல ஃபிஃபா அங்கீகாரம் இல்லாம ஒரு உலகக் கோப்பை நடந்துச்சு, அஸ்டெகா ஸ்டேடியத்துல டென்மார்க் - மெக்சிகோ ஃபைனல பாக்க ஒரு லட்சத்துக்கும் மேல கூட்டம்.

மிட்ஃபீல்ட்_பிரியன்:
அடேங்கப்பா! சரி, தடைய எடுத்தப்பறமும் ஏன் இவ்ளோ லேட்டு?

பழைய_ஸ்கோர்போர்டு:
தடை போச்சு, ஆனா காசு வரல, கோச்சிங் வரல, லீக் வரல. ஃபிஃபா முதல் உலகக் கோப்பை நடத்தினதே 1991லதான், அதுலயும் மேட்சுக்கு 80 நிமிஷம்தான் வெச்சாங்க. அமெரிக்கால 1972 டைட்டில் நைன் சட்டத்தால காலேஜ்ல பொண்ணுங்களுக்கும் டீம், ஸ்காலர்ஷிப் எல்லாம் கிடைச்சுது, அதான் அந்த முதல் கப்ப அவங்க தூக்கினாங்க, 1999லயும் ஜெயிச்சாங்க. எங்க வசதி குடுத்தாங்களோ அங்க வளந்துச்சு, அவ்ளோதான் விஷயம். இன்னமும் சரிசமம் ஆகல: 2023 பெண்கள் உலகக் கோப்பைக்கு பரிசுப் பணம் 11 கோடி டாலர், முந்தின வருஷம் ஆம்பளைங்களுக்கு 44 கோடி.