உபுண்டு சர்வரில் சாம்பாவை மறுபடி நிறுவினாலும் கான்ஃபிக் ஃபைல் வரவில்லை

கூடல்வாசி:
வீட்டு சர்வரில் உபுண்டு 22.04. அதிலுள்ள ஃபைல்களை விண்டோஸ் கணினிகளோடு பகிர சாம்பா என்ற மென்பொருளை வைத்திருக்கிறேன். பழைய செட்டிங்ஸ் எதுவும் வேண்டாம் என்று 'ஆப்ட் பர்ஜ் சாம்பா' (செட்டிங்ஸோடு சேர்த்து நீக்கும் கட்டளை) கொடுத்து, /ஈடிசி/சாம்பா ஃபோல்டரையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தேன். அந்த ஃபோல்டர் திரும்ப வரவே இல்லை. --ரீஇன்ஸ்டால் போட்டும் பலனில்லை. ஃபைல் பகிர்வை நடத்தும் எஸ்எம்பிடி சர்வீஸ் 'ஃபெயில்டு' என்றே நிற்கிறது. இன்ஸ்டால் ஆகும்போது 'சாம்பா-ஏடி-டிசி மாஸ்க்' என்று ஒரு வரி வந்தது. அதுதான் காரணமா? /எஸ்ஆர்வி/மீடியாவில் 2 டிபி டேட்டா இருக்கிறது. ஓஎஸ்ஸையே புதிதாகப் போட வேண்டுமா?

முனையம்:
ஓஎஸ்ஸைத் தொடாதீங்க. அந்த மாஸ்க் (சர்வீஸ் தொடங்காதபடி முடக்குதல்) வரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டொமைன் கன்ட்ரோலராக (நெட்வொர்க்கின் யூசர் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் சர்வராக) ஓடாத எந்த சர்வரிலும் அது வரும்.

சாம்பாவின் கான்ஃபிக் ஃபைலான எஸ்எம்பி.கான்ஃப், 'சாம்பா' பேக்கேஜுக்குச் சொந்தமான ஃபைல் இல்லை. அதை உருவாக்குவது 'சாம்பா-காமன்'. நீங்க பர்ஜ் செய்தபோது சாம்பா-காமன் அப்படியே இருந்திருக்கும். நிர்வாகியே வேண்டுமென்று அழித்த கான்ஃபிக் ஃபைலை டெபியன், உபுண்டு இரண்டுமே தாமாகத் திரும்ப வைக்காது. அதனால்தான் --ரீஇன்ஸ்டாலும் பலிக்கவில்லை.

சாம்பா, சாம்பா-காமன், சாம்பா-காமன்-பின் மூன்றையும் சேர்த்துப் பர்ஜ் செய்து, மறுபடி சாம்பாவை நிறுவுங்க. 'ஒய்' அழுத்தும் முன், கூடவே எதெல்லாம் போகப் போகிறது என்ற பட்டியலைப் படிங்க. எஸ்எம்பிகிளையன்ட் (பிற கணினிகளின் ஷேர்களைத் திறக்கும் கருவி) இருந்தால் அதுவும் போகும். /எஸ்ஆர்வியில் உள்ள டேட்டாவை பர்ஜ் தொடாது.

ரூட்_அண்ணாச்சி:
காரணம் சரி, ஆனால் ஒரு ஃபைலுக்காக மூன்று பேக்கேஜையும் பிடுங்கத் தேவையில்லை. மூல நகல் /யூஎஸ்ஆர்/ஷேர்/சாம்பா/எஸ்எம்பி.கான்ஃப் என்ற இடத்தில் இருக்கும். /ஈடிசி/சாம்பா ஃபோல்டரை 755 அனுமதியோடு உருவாக்கி, அந்த நகலை அதில் 644-ஆகப் போடுங்க. கான்ஃபிக்கைச் சரிபார்க்கும் 'டெஸ்ட்பார்ம்' ஓட்டிப் பிழை இல்லை என்று பார்த்த பிறகு, பாதியில் நின்ற பேக்கேஜை முடிக்க 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' கொடுங்க. கடைசியாக எஸ்எம்பிடி, என்எம்பிடி (சர்வர் பெயரைக் கண்டறிய உதவும் சர்வீஸ்) இரண்டையும் ரீஸ்டார்ட் பண்ணுங்க.

எஸ்எம்பி.கான்ஃபில் நீங்க பகிரும் ஃபோல்டருக்கான ஷேர் பகுதியில் பாத் (ஃபோல்டர் இருக்கும் இடம்), வேலிட் யூசர்ஸ் (அனுமதி உள்ள யூசர்கள்) இரண்டோடு 'ரீட் ஒன்லி = நோ' என்பதையும் மறக்காமல் எழுதுங்க. எழுதாவிட்டால் ஃபைலைப் பார்க்கலாம், சேமிக்க முடியாது.

கூடல்வாசி:
நகலெடுத்ததும் எஸ்எம்பிடி ஓடுகிறது, நன்றி. ஆனால் விண்டோஸ் 11-லிருந்து திறந்தால், பாதுகாப்புக் கொள்கை கெஸ்ட் (பாஸ்வேர்டு இல்லாத) நுழைவைத் தடுக்கிறது என்கிறது. நான் கெஸ்ட்டாக நுழையவே இல்லை, பழைய யூசர்நேம்தான் கொடுக்கிறேன்.

ரூட்_அண்ணாச்சி:
முதல் பர்ஜிலேயே /வார்/லிப்/சாம்பா போயிருக்கும். பாஸ்வேர்டுகள் இருந்த பாஸ்டிபி.டிடிபி ஃபைலும் அதில்தான் இருந்தது. லினக்ஸ் யூசர் கணக்கு அப்படியே இருக்கிறது, சாம்பாவின் பட்டியல்தான் காலி. 'பிடிபிஎடிட் -எல்' (pdbedit -L, பெரிய எழுத்து எல்) கொடுத்துப் பாருங்க, ஒரு பெயரும் வராது.

இப்போது நீங்க போட்ட கான்ஃபிக்கில் 'மேப் டு கெஸ்ட் = பேட் யூசர்' என்று ஒரு வரி இருக்கிறது. தெரியாத பெயர் வந்தால் விரட்டாமல் கெஸ்ட்டாக உள்ளே விடு என்று பொருள். விண்டோஸ் 11 அந்த கெஸ்ட் நுழைவை மறுக்கிறது. சர்வரில் யூசர் இல்லாத குறை, இப்படி விண்டோஸ் பாலிசி பிழையாகத் தெரிகிறது. இதை நம்பி ரெஜிஸ்ட்ரியில் கெஸ்ட் நுழைவைத் திறந்துவிடாதீங்க, தயவுசெய்து. அது அந்தக் கணினியின் பாதுகாப்பையே குறைக்கும்.

'எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி -ஏ' (smbpasswd -a) என்று போட்டு, லினக்ஸ் யூசர்நேமைக் கொடுத்து பாஸ்வேர்டு வையுங்க. பிறகு விண்டோஸில் 'நெட் யூஸ் * /டெலீட்' கொடுத்துப் பழைய இணைப்புகளை அறுங்க. கிரெடென்ஷியல் மேனேஜரில் சர்வர் பெயரில் ஏதாவது சேமித்திருந்தால் அதையும் நீக்குங்க.

முனையம்:
இதற்கப்புறமும் 'நெட்வொர்க்' பட்டியலில் சர்வர் தெரியாவிட்டால் பதற வேண்டாம். முகவரிப் பட்டியில் இரண்டு பின்சாய்கோடு போட்டு ஐபியை அடித்தால் திறக்கும். பட்டியலிலும் தெரிய வேண்டுமென்றால் சர்வரை விண்டோஸுக்கு அறிவிக்கும் 'டபிள்யூஎஸ்டிடி' (wsdd) பேக்கேஜை நிறுவுங்க.