தீவுகளில் பாசி எடுக்க விடலாமா, கூடாதா?

பவளன்:
மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே கடல்பாசி எடுப்பது குற்றம். ஆனாலும் சின்னப்பாலம், ஏர்வாடிப் பக்கத்துப் பெண்களுக்குப் பாரம்பரிய உரிமை வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் கூடாது. 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிப் பவளம் வெளுத்துச் செத்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டு தீவும் முங்கியே போயின. மிச்சத்தையாவது ஆள் கால் படாமல் விட வேண்டாமா?

மண்டபம் செல்வி:
கடல் சூடேறியதற்குப் பாசிக்காரி என்ன செய்வாள்? தீவு முங்கியதற்கு நம் ஆட்கள் காரணம்தான், ஆனால் அவள் இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி அள்ளினார்களே, அவர்கள்.

எங்கள் அத்தைமார் எல்லாம் பாசிக்குப் போனவர்கள். விரலில் துணியைச் சுற்றி, காலில் தகரத்தைக் கட்டி, மூச்சடக்கி முங்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசியைக் கையால்தான் பறிப்பார்கள். அதிலிருந்துதான் ஜெல்லி மாதிரி உறைய வைக்கிற அகர் அகர் வருகிறது. மாதத்தில் சில நாள்தான் கடலுக்குள் இறங்குவது, மீன் இனப்பெருக்க காலத்தில் நிறுத்திவைப்பது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். சின்னப்பாலத்துப் பாசிக்காரி லட்சுமி மூர்த்திக்கு 2015இல் தீவுச் சூழலைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருதைச் சும்மா கொடுக்கவில்லை.

கடலாடிக்காரன்:
அக்கா, கட்டுப்பாடான ஊருக்கு விருது சரி. எல்லா ஊரும் அப்படியா? பாரம்பரியம் என்று பார்த்தால் ஆவுளியா, அதாவது கடல்பசுக் கறி தின்றதும் இந்தக் கரையின் பாரம்பரியம்தான். கடல் அட்டை எடுத்ததும்தான். அட்டைக்கு 2001இல் தடை வந்தது, இன்றைக்கும் கடத்தல் நிற்கவில்லை. இன்று பாசிக்குக் கதவைத் திறந்தால் நாளைக்கு அட்டைக்காரரும் வந்து நிற்பார்.

வேதாளை ரபீக்:
வரட்டுமே தம்பி, பேசித் தீர்க்கலாம். கீழக்கரை, பெரியபட்டினத்துக்காரர்கள் தலைமுறையாகச் சங்கு குளித்தவர்கள். கடலடிப் பாறைத் திட்டான பார்களில் எதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

விசைப்படகின் இழுவை மடி கடல்புல்லைச் சுரண்டுகிறது. ஆவுளியாவுக்கு அந்தப் புல்தான் சோறு. அதைப் பற்றி யாரும் இங்கே மூச்சு விடவில்லை. ஊரில் பெப்சி பாசி என்கிறோமே, அந்த வெளிநாட்டுக் கப்பாபைகஸ், குருசடைத் தீவில் பவளத்தின் மேலேயே படர்ந்து மூடியது. அதை இங்கே கொண்டுவந்தது முங்கிப் பறிக்கிற பெண்கள் இல்லை.

பவளன்:
பாய், விசைப்படகு செய்வதும் தப்புதான். அதற்காக இன்னொன்றை அனுமதிக்க முடியுமா? சட்டத்தில் இடம் எங்கே இருக்கிறது?

மண்டபம் செல்வி:
2006 வன உரிமைச் சட்டத்தைப் படியுங்கள். வன நிலம் என்பதில் தேசியப் பூங்காவையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். பழங்குடி அல்லாதவர் உரிமை கேட்டால் 2005 டிசம்பருக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கே இருந்து அதை நம்பிப் பிழைத்ததாகக் காட்ட வேண்டும்.

பவளன்:
வசித்ததாக அல்லவா காட்ட வேண்டும்? தீவில் யார் வசித்தார்கள்? அதே சட்டம், வனவிலங்குக்கு அவசியமான இடத்தைத் தனியாக ஒதுக்கவும் வழி வைத்திருக்கிறது. வேண்டுமானால் கரையோரத்துப் பாரில் எடுக்கட்டும், எவ்வளவு எடுத்தார்கள் என்று கணக்கு இருக்கட்டும். குருசடையை மட்டும் தொடக் கூடாது. புழு போல இருக்கும் பலனோகிளாசஸ் மாதிரி அபூர்வ உயிர் இருக்கிற மண் அது. மனிதக் காலே படக் கூடாது.

வேதாளை ரபீக்:
பாம்பன் பக்கம் குந்துகாலில் டிக்கெட் எடுத்தால் வனத்துறைப் படகிலேயே குருசடைக்குக் கூட்டிப் போகிறார்களே, அது யார் கால்?