பட்டம் வாங்கும் நாய்க்குக் குணமும் ஓட்டமும் பார்க்க வேண்டாமா?

மானூர்க்காரன்:
நாய்க் கண்காட்சியில் சாம்பியன் பட்டம் பெற்ற கடுவனுக்குப் பிறந்த கருங்கன்னி இன நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வளர்க்கிறேன். மார்பும் காலும் அப்படி ஒரு அழகு. ஆனால் வேட்டுச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் புகுந்து மூத்திரம் விட்டுவிடும். போன கோவில் கொடையன்று அதைத் தேற்றப் போன என் மகளின் புறங்கையைக் கவ்விவிட்டது. நான்கு தையல். தகப்பன் நாயும் அப்படித்தான் என்று விற்றவர் பிறகு ஒப்புக்கொண்டார். அப்படியானால் அதற்கு எப்படிப் பட்டம் கிடைத்தது? குணத்தையும் வேலையையும் காட்டிய நாய்க்கே பட்டம் என்று விதி வர வேண்டும்.

பாளைக்காரன்:
அண்ணாச்சி, பாப்பாவின் கை ஆறிவிட்டதா? மனது கஷ்டமாக இருக்கிறது. ஆனால் கண்காட்சியைக் குறை சொல்லாதீர்கள். குட்டியிலேயே சத்தம் பழகாத நாய் எந்த இனமானாலும் பயப்படும். நடுவர் பல்லைத் திறந்து பார்க்கிறார், விரையைத் தொட்டுப் பார்க்கிறார். கடிக்க வரும் நாயை வெளியேற்றிவிடுவார். அதுவும் குணப் பரிசோதனைதானே? வேலை என்கிறீர்கள், எந்த வேலை? கன்னியும் சிப்பிப்பாறையும் முயல் விரட்டிய நாய்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு முயலைப் பிடித்தால் வழக்கு. ராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால் தலை வெளியிட்டார்கள். தபால் தலையா இனத்தைக் காப்பாற்றியது? கைக்காசைப் போட்டு வளர்த்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோனவர்கள்தான் காப்பாற்றினார்கள்.

மானூர்க்காரன்:
ஆறிவிட்டது தம்பி, தழும்பு இருக்கிறது. நடுவர் பார்ப்பது இரண்டு மூன்று நிமிடம். அதற்குள் பல்லைக் காட்டி நிற்கப் பல வாரம் பழக்கிவிடுகிறார்கள். பிரிட்டனில் துப்பாக்கி வேட்டைக்கான நாய் அழகில் மட்டும் வென்றால் ‘ஷோ சாம்பியன்’. களத்தேர்விலும் தேறினால்தான் முழுச் ‘சாம்பியன்’. முயலும் தேவையில்லை. மோட்டார் இழுக்கும் கயிற்றில் பிளாஸ்டிக் பையைக் கட்டி விரட்டவிடும் போட்டி வெளிநாடுகளில் நெடுநாளாக நடக்கிறது. நம் கரிசல் காட்டில் அதற்கு இடமா இல்லை?

கிடைக்காரர் மகன்:
நான் இருவருக்கும் நடுவில் நிற்கிறேன். வன்னிக்கோனேந்தல் பக்கம் அப்பா ஆட்டுக்கிடை போட்டபோது ஒரு செவலை நாய் இருந்தது. ஆடுகளோடு படுக்காது; பத்தடி தள்ளி, காற்று வரும் பக்கமாக முகத்தை வைத்துப் படுக்கும். அயலார் வந்தால் எழுந்து குறுக்கே நிற்கும், கடிக்காது. அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் வழி விடும். குட்டி போட்ட ஆட்டின் பக்கமே போகாது. அந்த நாய் எந்த நடுவரையும் வாயைத் திறக்க விட்டிருக்காது. அன்னியர் கையை நக்குவதே நல்ல குணம் என்று தேர்வில் எழுதிவிட்டால் நம் நாய்கள் முதல் நாளே வெளியே போய்விடும்.

பாளைக்காரன்:
என் பயமும் அதுதான். இன்னொன்று, இருப்பதே கொஞ்ச நாய்கள். தேர்வு வைத்துப் பாதியைக் கழித்தால் மிச்சம் உள்ளவை அண்ணன் தங்கையாகத்தான் சேர வேண்டியிருக்கும். ராஜபாளையத்தில் வெள்ளை நிறத்தையே பார்த்துப் பார்த்துச் சேர்த்ததில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதைப் பார்க்கிறோம் அல்லவா?

மானூர்க்காரன்:
அந்தச் செவிட்டு நாய்க்கும் பட்டம் கிடைத்துவிடக் கூடாதே தம்பி! நான் எந்த நாயையும் கழிக்கச் சொல்லவில்லை. குட்டி போடட்டும்; பட்டம் மட்டும் தேர்வு முடிந்து வரட்டும். பட்டத்தைப் பார்த்துத்தான் என்னைப் போன்றவன் காசு கொடுக்கிறான். கிடைக்காரர் மகன் சொன்னதை ஏற்கிறேன்: ஒதுங்கி நிற்பது குற்றமில்லை. வேட்டு வெடித்த பிறகு எவ்வளவு நேரத்தில் தெளிகிறது, பயந்தபோது பல்லை வைக்கிறதா என்று மட்டும் பார்க்கட்டும்.

பாளைக்காரன்:
கட்டாயம் என்றால் இப்போதும் எதிர்ப்பேன். பிரிட்டனைப் போல இரண்டு பட்டம் என்றால் என் கடுவனை முதல் ஆளாகக் கொண்டுவருகிறேன்.

கிடைக்காரர் மகன்:
அறுவடை முடிந்ததும் எங்கள் கிடை மானூர்ப் பக்கம் வரும். இரண்டு பேரும் நாயோடு வாருங்கள். இருட்டிய பிறகு வந்தால் நல்லது. வாய்ப்பூட்டும் கயிறும் மறக்க வேண்டாம், சினை ஆடுகள் இருக்கும்.