விசைத்தறித் தொழிலாளியின் மகளுக்கு இரத்தப் புற்றுநோய்: தெருவில் திரட்டிய பணத்தை எப்படிக் கொடுப்பது?

பவானிக்கரை (ஈரோடு):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் குடியிருக்கும் விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் ஆறு வயது மகளுக்கு ஏ.எல்.எல். எனப்படும் இரத்தப் புற்றுநோய் இருப்பது கடந்த மாதம் தெரியவந்தது. சென்னையில் சிகிச்சை தொடங்கிவிட்டது. தாய் குழந்தையுடன் அங்கேயே தங்கியிருக்கிறார். தந்தை வாரத்தில் நான்கு நாள் தறி ஓட்டிவிட்டு, இரவு ரயிலில் சென்னைக்குப் போய் வருகிறார். மூத்த பையன் பாட்டியின் பொறுப்பில் இருக்கிறான்.

குடியிருப்போர் நலச் சங்கத்தின் சார்பில் வீடு வீடாகச் சென்று கேட்டதில், பத்து நாள்களில் 86,400 ரூபாய் சேர்ந்திருக்கிறது. உடன் வேலை செய்யும் தறிக்காரர்கள் சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு வந்து கொடுத்த பணமும் இதில் அடக்கம் என்பதால், ஒரு ரூபாய்கூட வீணாகிவிடக் கூடாது என்ற கவலை எனக்கு இருக்கிறது.

முழுத் தொகையையும் மருத்துவமனையில் கட்டிவிடலாம் என்று சிலரும், பெற்றோரிடமே கொடுத்துவிடலாம் என்று சிலரும் சொல்கிறார்கள். மருந்தின் கடுமையால் முடி உதிர்ந்திருக்கும் குழந்தையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் சேரும் என்று ஒருவர் வற்புறுத்துகிறார். ஜவுளி வியாபாரி ஒருவர் வருமான வரிச் சலுகைக்கு இரசீது கிடைத்தால் 50,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சங்க உறுப்பினர் ஒருவரின், சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற தம்பியும் பணம் அனுப்ப விரும்புகிறார். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வேம்படி (தஞ்சாவூர்):

ஐயா, ஏழு ஆண்டுகளுக்கு முன் என் மகனுக்கு இதே நோய் வந்தபோது அவனுக்கு ஐந்து வயது. இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறான். அந்த நாள்களை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

தயவுசெய்து பணம் முழுவதையும் ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள். இந்த நோய்க்கான சிகிச்சை ஒரு அறுவையோடு முடிவதில்லை. இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீளும். முதல் சில மாதங்கள் கடுமையானவை. அதன் பிறகு வீட்டிலிருந்தபடியே தினமும் மாத்திரை, அவ்வப்போது இரத்தப் பரிசோதனை என்று நெடுநாள் போகும். எங்களுக்குச் செய்தி பரவிய முதல் மாதத்தில் உதவி வந்து குவிந்தது. பத்தாவது மாதத்தில் கேட்பதற்கு யாரும் மீதியில்லை, கேட்கவும் வாய் வரவில்லை.

காப்பீட்டு அட்டையால் மருத்துவமனைக் கட்டணத்தில் பெரும்பகுதி சமாளிக்கப்பட்டது. எங்களை ஒடித்தவை எந்தப் பில்லிலும் வராத செலவுகள்தான். வாடகை அறை, காய்ச்சிய தண்ணீர், தனியாகச் சமைத்த சாப்பாடு, வேலைக்குப் போகாத நாள்களின் கூலி, நள்ளிரவு ஆட்டோ ஆகிய எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தேன். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், கையில் எப்போதும் 1,000 ரூபாயாவது தனியே முடிந்து வைத்திருப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓராண்டு போனபின் குழந்தைக்கு முடி வளர்ந்துவிடும், ஓடியாடி விளையாடும். பார்க்கிறவர்கள் குணமாகிவிட்டது என்பார்கள். பையில் பணமும் இல்லாத அந்த நேரத்தில்தான் ஊருக்குத் திரும்பி மருந்தை நிறுத்திவிடுகிற குடும்பங்கள் உண்டு. ஒரு நாள் ஒரு மாத்திரை, மறுநாள் ஒன்றரை என்று மாறும் அளவை நாள்காட்டித் தாளின் பின்புறம் எழுதிவைத்து, விடுபடாமல் கொடுத்ததால்தான் என் பிள்ளை பிழைத்தான் என்று நான் நம்புகிறேன். உங்கள் பணம் அந்த இரண்டாம் ஆண்டிலும் இருக்க வேண்டும். மாதம் 3,500 ரூபாய் வீதம் கொடுத்தால் 24 மாதம் வரும்.

கணக்கர் (கோயம்புத்தூர்):

நான் தணிக்கைத் துறையில் இருக்கிறேன். வரிச் சலுகை பற்றி மட்டும் சொல்கிறேன். தனிநபருக்கோ அவருக்காகத் திரட்டும் நலச் சங்கத்துக்கோ கொடுக்கும் பணத்துக்கு 80ஜி எனப்படும் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடையாது. அதற்கான பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால் மட்டுமே கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அங்கும் கிடைக்காது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருப்பவருக்கு இந்தச் சலுகையே இல்லை என்பதால், வியாபாரி முதலில் தம் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சிங்கப்பூர்ப் பணத்தைச் சங்கக் கணக்கில் வாங்க வேண்டாம். அயல்நாட்டுக் குடிமகன் தரும் நன்கொடையைப் பெறுவதற்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் சங்கத்துக்குப் பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். இந்தியக் குடிமக்களாகவே வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் தொகைக்கு அந்தத் தடை இல்லை.

திரட்டிய பணத்தை ஒருவரின் சொந்தக் கணக்கில் போடாமல், இருவர் கையெழுத்திட்டு எடுக்கும் கணக்கில் வையுங்கள்.

தன்னார்வலர் (சென்னை):

குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் குடும்பங்களுக்கு உதவி வருகிறேன். பணம் செலவழிக்கும் முன் கேட்டுப் பெற வேண்டியவை சில உள்ளன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றுடன் ஆட்சியர் அலுவலகத்தை அணுகச் சொல்லுங்கள். சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் இல்லை. உடன் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதச் சலுகை உண்டு. உரிய படிவத்தில் மருத்துவர் கையொப்பமிட வேண்டும். ஊரிலிருந்து வரும் குடும்பங்களை இலவசமாகத் தங்க வைக்க, 2006இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. இடம் கிடைக்குமா என்று மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் அந்தத் தாய் கேட்கட்டும்.

படத்தை அனுப்ப வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன். அந்தப் பெண் நாளை பள்ளிக்குத் திரும்பும்போது, மொட்டைத் தலையுடன் அழும் அவள் முகம் வகுப்புத் தோழிகளின் வீட்டுக் கைப்பேசிகளில் இருக்கும். முகமும் பெயரும் இல்லாமலே நீங்கள் 86,400 ரூபாய் திரட்டியிருக்கிறீர்களே! 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 12 படுக்கைகளுடன் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனமும் பொதுமக்களின் நன்கொடையைப் பெற்று வளர்ந்ததுதான்.

பணத்தால் வாங்கி வைத்துக்கொள்ள முடியாத ஒன்றும் தேவைப்படும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை ஐந்து நாள்களுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது. சென்னையில் இருக்கும் உங்கள் ஊர் இளைஞர்களின் பெயரையும் இரத்த வகையையும் எழுதி அந்தத் தாயிடம் கொடுங்கள்.

பவானிக்கரை (ஈரோடு):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு சங்கக் கூட்டத்தில் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். படம் அனுப்பும் யோசனையைச் சொன்னவரே முதலில் அதைக் கைவிட்டார். இருவர் பெயரில் கணக்குத் தொடங்கி, மாதத்தின் முதல் வாரத்தில் 3,500 ரூபாயைத் தாயின் வங்கிக் கணக்கில் செலுத்துவது என்று முடிவாகியிருக்கிறது. மீதமுள்ள 2,400 ரூபாயை இந்த வாரமே அவசரச் செலவுக்காகக் கொடுத்துவிட்டோம். சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் தெருப் பிள்ளைகள் நான்கு பேர் தட்டணு கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். ரயில் சலுகைப் படிவத்தில் கையொப்பம் வாங்க, தந்தை செவ்வாய்க்கிழமை மருத்துவரைப் பார்க்கிறார்.