கலைச்சொல் வேண்டும்: கடல்நீர் மீன்தொட்டியில் வைக்கும் ‘லைவ் ராக்’

கடலூர் முதுநகரிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கான அலங்காரக் கடல்மீன் வளர்ப்புக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. பவளமோ கடற்சாமந்தியோ இல்லாமல் மீன் மட்டும் வளர்க்கும் தொட்டி பற்றிய அத்தியாயத்தில் ‘லைவ் ராக்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. துளை நிறைந்த சுண்ணாம்புக் கல் அது. மேற்பரப்பில் குடியிருக்கும் பாக்டீரியா மீன்கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கும். ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் இருப்பவை நைட்ரேட்டில் ஒரு பகுதியை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். 200 லிட்டர் தொட்டிக்கு 20 முதல் 25 கிலோ என்பது நடைமுறைக் கணக்கு. வரைவில் ‘உயிர்ப்பாறை’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா? கல்லைத் தொட்டியில் வைக்குமுன் உப்புநீரில் போட்டு பாக்டீரியாவைக் குடியேற்றும் ‘க்யூரிங்’குக்கும் ஒரு சொல் வேண்டும்.

பரங்கிப்பேட்டையிலிருந்து:

உயிர்ப்பாறை வேண்டாம் அம்மா. நம் கரையில் பாறை என்றால் மீன். துறைமுகத்தில் ‘உயிர்ப்பாறை’ என்று சொல்லிப் பாருங்கள், உயிரோடு இருக்கும் பாறை மீனைத்தான் காட்டுவார்கள். அதைவிடப் பெரிய காரணம் சட்டம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் கல்பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவில் ஒடித்தாலும், கரை ஒதுங்கிய செத்த பவளத்தை விற்றாலும் குற்றமே. பவளம், பாறை, பார் (கடலடித் திட்டு) ஆகிய மூன்று சொல்லும் படிப்பவரைக் கடலுக்குத்தான் அனுப்பும். நமக்கு வேண்டியது கையால் செய்து உயிர் ஏற்றிய கல்.

செய்முறையையும் கையேட்டில் தெளிவாகப் போடுங்கள். சிமெண்டு ஒரு பங்கு, நொறுக்கிய கிளிஞ்சல் மூன்று பங்கு, மரக்காணத்துக் கல்லுப்பு ஒரு பங்கு. உருண்டை பிடித்தால் நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர். உப்பு கரைந்து போன இடம்தான் துளை, அதனால் உப்பைப் பொடிக்கக் கூடாது. இறுகியபின் ஆறு முதல் எட்டு வாரம் நல்ல தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றாமல் ஒரு நாள் விட்டாலும் பி.எச். (நீரின் அமில-கார அளவு) 8.5ஐத் தாண்டாவிட்டால்தான் கல் தயார். அவசரப்பட்டுத் தொட்டியில் இறக்கினால் பி.எச். ஏறும். பி.எச். ஏறினால் அதே அளவு அம்மோனியா பல மடங்கு நஞ்சாகும்.

இன்னொன்று: சிமெண்டுக்குத் தண்ணீர் காட்டுவதையும் கொத்தனார் ‘க்யூரிங்’ என்றுதான் சொல்கிறார். ஒரே அத்தியாயத்தில் இரண்டு க்யூரிங் வருகிறது, சொல் இரண்டாக இருக்க வேண்டும்.

இலாசுப்பேட்டையிலிருந்து:

பாறையை விலக்கியது நன்று. ‘கல்’ போதும். கல்லுதல் என்றால் தோண்டுதல். துளைபட்ட பொருளுக்கு அந்த வேரே சான்று சொல்கிறது. நான் முன்மொழிவது ‘வாழ்கல்’. வினைத்தொகை ஆதலால் வல்லினம் மிகாது. கல் வாழ்கிறதா என்று கேட்பீர்கள். வாழ்நாளில் நாளா வாழ்கிறது? உறைவிடத்தில் இடமா உறைகிறது? உயிர்கள் வாழ்ந்த, வாழ்கின்ற, வாழும் கல் என மூன்று காலமும் இதில் அடங்கும்.

க்யூரிங்குக்கு ‘நீர்ப்படை’. நடுகல்லுக்குத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை என்று படிநிலைகளை வகுத்திருக்கிறது. சிலம்பின் வஞ்சிக் காண்டத்தில் நீர்ப்படைக் காதை என்றே ஒரு காதை உண்டு. கல்லை நீராட்டித் தகுதியாக்குவதற்கு ஈராயிரம் ஆண்டுச் சொல் கையில் இருக்க, வேறு ஏன்?

கடலூர் முதுநகரிலிருந்து:

ஐயா, இலக்கணம் பொருந்துகிறது. ஆனால் இங்கே ழகரம் பேச்சில் நிற்காது. ‘வாள்கல்’ ஆகி, சாணைக்கல்லோ என்று கேட்பார்கள். நீர்ப்படை என்றால் கடற்படை நினைவுதான் வரும். காதை தெரிந்தவருக்கு மட்டும் விளங்கும் சொல்லை அம்மோனியா அளக்கும் பக்கத்தில் எப்படி வைப்பது?

வடலூரிலிருந்து:

‘உயிர்க்கல்’ என்று வையுங்கள். ‘உயிர்’ கட்டாயம் வேண்டும் என்பதற்கு என் காரணம் செப்பு மருந்து. மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தவுடன் தொட்டியிலேயே செப்பை ஊற்றிவிடுகிறார்கள். சுண்ணாம்புக் கல் செப்பை உறிஞ்சும், மருந்தின் அளவு நிற்காது. கல்லில் இருக்கும் புழு, நத்தை, இறால் வகைகள் செத்து அழுகும். அந்தக் கல்லைப் பிறகு நம்பவும் முடியாது. மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து தர வேண்டும். குழாய்த் தண்ணீரில் கழுவினாலும் இதே கதிதான், குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும். பெயரிலேயே உயிர் இருந்தால் இந்த எச்சரிக்கைகளைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

க்யூரிங்குக்கு ‘பழக்குதல்’. புதுச் சட்டியைப் பழக்குகிறோமே, அதே சொல். சிமெண்டுக்கு ‘நீராற்றுதல்’ ஏற்கெனவே இருக்கிறது.

பரங்கிப்பேட்டையிலிருந்து:

பழக்குதலுக்கு முழுச் சம்மதம். அதன் படிகளும் சொல்லோடு ஒத்துப்போகின்றன: ஒப்படர்த்தி (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.024 உள்ள உப்புநீர், 26 டிகிரி, இருட்டு, நல்ல நீரோட்டம். நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து ஒரு கல்லை உள்ளே வைத்து, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வரும்படி அம்மோனியம் குளோரைடு போட வேண்டும். அதே அளவு அம்மோனியாவை மறுபடி போட்டால் 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக வேண்டும். பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். உப்பனாற்று முகத்துவாரத் தண்ணீரை எடுக்க வேண்டாம், ஐப்பசி கார்த்திகை மழையில் உப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

உயிர்க்கல்லில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. நாம் செய்யும் கல்லில் முதலில் ஏறுவது பாக்டீரியா மட்டுமே. ‘நுண்ணுயிர்க்கல்’ என்பதே துல்லியம். உயிர்க்கல் என்று வாங்கியவர் புழுவும் கடற்பஞ்சும் எங்கே என்று கேட்பார்.

வடலூரிலிருந்து:

நாளாக நாளாக அவையும் வரும். பேரைக் குறுக்கமாக வைத்தால்தான் வாயில் நிற்கும்.

கடலூர் முதுநகரிலிருந்து:

நாளை காலை பக்கங்கள் போக வேண்டும். ‘உயிர்க்கல்’, ‘பழக்குதல்’, ‘நீராற்றுதல்’ என்று போடுகிறேன். முதல் பக்கத்திலேயே ‘உயிர்க்கல் கடலிலிருந்து எடுப்பதன்று, செய்து பழக்குவது’ என்ற வரி தடித்த எழுத்தில் வரும். கல்லை மணலுக்கு மேல் அடுக்காமல் முதலில் தொட்டியின் அடித்தளத்தில் நிறுத்தி, பிறகு மணல் பரப்பச் சொல்லும் குறிப்பையும் அங்கேயே சேர்த்திருக்கிறேன். மீன் தோண்டினால் அடுக்கு சரிந்து கண்ணாடி உடையும்.

இலாசுப்பேட்டையிலிருந்து:

பெரும்பான்மைக்குத் தடையில்லை, என் கருத்தும் மாறவில்லை. சொல்லடைவில் உயிர்க்கல்லுக்கு நேரே ‘வாழ்கல்’ என்பதையும் மாற்றுச்சொல்லாகச் சேர்க்க வேண்டுகிறேன்.

பரங்கிப்பேட்டையிலிருந்து:

அப்படியானால் ‘நுண்ணுயிர்க்கல்’லும் சேரட்டும்.